முடி இன்னும் குடிக்கவில்லை

"ஆன்ட்டி, ஊட்டுன்னா சோறு ஊட்டுறதுதானே? அப்புறம் ஏன் 'மணமூட்டு'ன்னு எழுதுறாங்க?"

கேட்டவன் தமிழ்ப்பள்ளி மாணவன். ஜோகூர் பாரு, ஜாலான் உங்கு புவானில் பூஜைப் பொருள் விற்பவள் நான். பதில் எனக்குப் பின்னால் சாம்பிராணி டின்னில் இருந்தது.

சோறு ஊட்டுகிற அதே ஊட்டுதான் தம்பி. காண் என்பதிலிருந்து காட்டு வந்ததுபோல, உண் என்பதிலிருந்து ஊட்டு: உண்ணச் செய்தல். பிள்ளைக்குப் பால், பாதத்துக்குச் செம்பஞ்சுக் குழம்பு, கூந்தலுக்கு அகிற்புகை, எல்லாவற்றையும் தமிழில் ஊட்டுகிறோம். சந்தனத்தைப் பூசுகிறோம், பூவைச் சூடுகிறோம், பன்னீரைத் தெளிக்கிறோம். அவை மேலோடு நிற்பவை. ஊட்டியது உள்ளே இறங்கிவிடும்.

என் அம்மா குலாய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். வெள்ளிக்கிழமை நான் தலை முழுகியதும் சிரட்டைக் கரியை மூட்டுவார். சுடர் அடங்கித் தணலாகும்வரை பொறுப்பார், இல்லாவிட்டால் சாம்பிராணி கருகிக் கரி நாற்றம்தான் வரும். பிறகு பொடியைத் தூவி, மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் என் ஈரமுடியை விரித்துவிடுவார். கால் மரத்துப்போய் எழப் பார்த்தால், "இருடி, முடி இன்னும் குடிக்கல" என்பார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மணமூட்டு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வினையின் பொருளை எனக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான்.

அந்தச் சாம்பிராணியும் நமக்குத் தூரத்துச் சரக்கல்ல. நீரிணைக்கு அப்பால் சுமத்ராவில் மரப்பட்டையைக் கீறி, கசிந்து இறுகிய பிசினைச் சுரண்டி எடுக்கிறார்கள். சுமத்ராவையும் ஜாவா என்றே அழைத்த அரபு வணிகர்கள் அதற்கு 'லுபான் ஜாவி' என்று பெயரிட்டார்கள். பென்சாயின் என்ற ஐரோப்பியப் பெயர் அதன் திரிபு. மலாய்க்காரர்களுக்கு அது கெமெஞான். புகை காட்டித் துணிக்கு மணமேற்றுவதற்கென்றே 'உகுப்' என்று தனிச்சொல்லும் அவர்களிடம் உண்டு.

சாம்பிராணிக் கட்டி ஒன்றைப் பையனிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, "லேசாத்தான் இருக்கு" என்றான். தணலில் பட்டால்தான் அது வாய் திறக்கும் என்றேன்.

மறுநாள் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். 'பாட்டி பாண்டான் இலையால் சோற்றுக்கு மணம் ஊட்டினார்.'