எடை குறைஞ்சுது, தொப்பை குறையலையே?

நாலு மாசம் காலையில ரெண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி வெறும் பழம். ஏழு கிலோ இறங்கி 70க்கு வந்தேன். ஆனால் தொப்பை அப்படியே இருந்தது, கைதான் குச்சியானது. கேஸ் சிலிண்டரை நகர்த்தவே மூச்சு வாங்கியது. அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன்.

1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். எடையில் கால்வாசி போனது. கொழுப்போடு தசையும் கரைந்தது. ஓய்வில் உடம்பு எரிக்கும் சக்தியும் வெகுவாகக் குறைந்தது. திரும்பச் சாப்பிட்டபோது முந்திக்கொண்டு ஏறியது கொழுப்புதான்!

போனது கொழுப்பா, தசையா என்று தராசு சொல்லாது. பட்டினியில் தசையைக் காப்பாற்றுபவை ரெண்டு: புரதம், பளு தூக்கும் பயிற்சி. பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று வைத்தால் எனக்கு 112 கிராம். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம்தான். என் சாப்பாடு முப்பதைக்கூடத் தொட்டிருக்காது. பயிற்சியோ சுத்தமாக இல்லை.

இப்போ வயிறு காயப் போடுவதில்லை. முட்டை, சுண்டல், மீன், தயிர். வாரம் மூணு நாள் தண்டால், பஸ்கி, டம்பெல். (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீங்க.)

ரெண்டு மாசமாச்சு. தராசு முள் அசையலை. பெல்ட்தான் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கு.