தன்னுருவம் வரைதல்

மாந்தர் பிறர் முகத்தை நாடோறும் காண்கின்றனர். தம் முகத்தையோ ஆடியின் துணையின்றிக் காண்கிலர். ஆகலின், தன்னுருவத்தைத் தானே வரைதல் ஓவியக் கலையுள் அரியதொரு பகுதியாகும். கைப்பேசி ஒரு நொடியில் நம் முகத்தைப் படம் பிடித்துத் தரும் இந்நாளில், மணிக்கணக்கில் அமர்ந்து அதனை வரைவானேன் என்று சிலர் வினவலாம். முகம் இத்தகையது என்று காட்டுதல் படக்கருவியின் தொழில். இம்முகத்துக்குரியோன் இத்தகையன் என்று காட்டுதலே தன்னுருவ ஓவியத்தின் தொழில் என்பது எம் விடை.

முதற்கண் வரையும் முறையைக் கூறுவாம். ஆடியைக் கண்ணுக்கு நேராக நிறுத்தி, ஒளி ஒரு பக்கத்திலிருந்தே விழுமாறு அமர்தல் வேண்டும். கண்கள் தலையின் மேற்பகுதியில் உள்ளன என்று நாம் எண்ணுகின்றோம்; அளந்து பார்ப்பின், அவை உச்சிக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நடுவில் இருத்தல் புலனாகும். தலையின் அகலம் ஏறத்தாழ ஐந்து கண்களின் அகலம். ஆடியில் வலம் இடமாகத் தோன்றும். ஆதலின் வலக்கையால் தொழில் செய்வோன் படத்தில் இடக்கையனாகக் காணப்படுவான். இவையெல்லாம் பயிற்சியால் எவர்க்கும் கைகூடும். முகத்தின் அருகே எவற்றை வைப்பது என்பதே கடினமான வினா.

இவ்வினாவுக்குச் சொல்லால் விடை கூறிய மன்னன் ஒருவன் நம் நாட்டில் இருந்தான். கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன், தான் குடைவித்த குகைக் கோயில்களில் தன் பட்டப்பெயர்களைப் பொறிப்பித்தான். சித்திரகாரப்புலி, மத்தவிலாசன், விசித்திரசித்தன் என்பன அவன் பெயர்களுட் சில. முதலாவது, ஓவியருட் புலி போன்றவன் என்பதாம். இரண்டாவது, அவன் இயற்றிய வடமொழி நகை நாடகத்தின் பெயரோடு இயைவது. மூன்றாவது, புதுமை நாடும் உள்ளத்தன் என்பதாம். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய நான்குமின்றிக் கோயில் அமைத்த செய்தியைக் கூறும் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் அவன் சூடிக்கொண்ட பெயர் இம்மூன்றாவதே. போரிலும் ஈடுபட்ட அரசன், தன் விருப்பங்களையும் கல்லில் நிறுத்தினமையால் இன்றும் நம்முன் ஆளாக நிற்கின்றான்.

கோட்டால் விடை கூறியோருள் நூரன்பர்க்கு நகரத்து ஆல்பிரெக்ட் டியூரர் குறிப்பிடத்தக்கவர். 1484இல், தம் 13ஆம் அகவையளவில், அவர் ஆடியை நோக்கித் தம்மை வரைந்த படம் வியன்னாவின் ஆல்பர்ட்டினா காட்சியகத்தில் உள்ளது. அவர் தந்தையார் பொற்கொல்லர். அவர் முதலிற் பயின்றதும் தந்தையின் பட்டறையிலேயே. அப்படத்துக்குக் கொண்ட கருவி வெள்ளிமுனைக் கோல். அதன் கோட்டை எளிதில் அழித்தல் இயலாது. பட்டறையின் உலோகமே அச்சிறுவரின் முகமாகத் தாளில் படிந்தது எனலாம்.

இவ்வரலாற்றை அறியுமுன் யாம் செய்த பிழையொன்றை ஈண்டு மறையாது கூறுதல் தகும். சென்ற கோடை விடுமுறையில் யாமும் எம் உருவத்தை வரைந்தோம். பின்புறம் அலமாரி நிறையச் சங்க நூல்கள், கையில் எழுதுகோல், எமக்கில்லாத மூக்குக் கண்ணாடியும் முகத்தில் ஏறிற்று. எம் தந்தையார் திண்டுக்கல்லிற் பூட்டுச் செய்யும் தொழிலாளர். படத்தை நெடுநேரம் நோக்கி, "நன்றாயிருக்கிறது, தம்பி. இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். அவர் நகையாடினார் அல்லர். விடுதி நண்பர் காண்பரே என்று நாணிப் பட்டறையை மறைத்திருந்த யாம் விடையிறுக்க இயலாது நின்றோம்.

மறுமுறை பட்டறைத் திண்ணையில் ஆடியை வைத்து அமர்ந்தோம். மடியில் நற்றிணை, அருகே மாங்காய்ப் பூட்டு, வலக்கையில் அரம், பின்னே, ஊருக்குப் பெயர் தந்ததாகக் கூறப்படும் திண்டு போன்ற பாறையும் அதன்மேற் கோட்டை மதிலும். எம் ஊர்ப் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் இயந்திரப் பூட்டுகளின் போட்டியால் அதனைக் கையாற் செய்வோர் குறைந்து வருகின்றனர். திறவுகோலை மயிரிழையளவு மிகையாக அராவினும் பூட்டுத் திறவாது. சொல்லைச் சொல்லோடு பொருத்திப் பொருள் காணும் எம் பாடமும் அத்தகையதே என்பது, அரத்தை வரையும்போதுதான் எமக்கு விளங்கிற்று. தந்தையார் அத்தொழிலை எமக்குக் கற்பித்திலர், படிக்கவே அனுப்பினார். ஆகவே எம் கை அரத்தைப் பற்றும் இடம் அப்படம் ஒன்றேயாகவும் கூடும்.

நண்பர்காள்! தன்னுருவம் வரையப் புகுவோர் தாம் விரும்புவனவற்றை மட்டுமன்றி, தம்மை வளர்த்தனவற்றையும் அதில் வைப்பாராக. நாணத்தால் விலக்க நினைக்கும் பொருளே சிலபோது நம்மை நன்கு காட்டும் பொருளாயிருத்தல் கூடும்.

இரண்டாம் படத்தைக் கண்ட தந்தையார், "அரத்தை இடக்கையிலா பிடிப்பாய், தம்பி?" என்றார். அஃது ஆடியின் செயல் என்று விளக்கினோம். யார் வீட்டுப் பிள்ளை என்று இம்முறை அவர் கேட்டிலர்.