பிரேக் வேலை: கூலியில் மிச்சம், பாகத்தில் வேண்டாம்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய காரையே காப்பாற்றி ஓட்ட வேண்டியிருந்ததால், பிரேக் பேட்டும் டிஸ்க்கும் மாற்றும் வேலையை கொள்ளுப்பிட்டி வீட்டு முற்றத்திலேயே பழகிக்கொண்டேன். கராஜ் கூலி மிச்சமானது.

ஆனால் முதல் தடவை, வேலை முடிந்ததும் பெடலை மிதித்துப் பார்க்காமலே காரை நகர்த்திவிட்டேன். பெடல் அடிவரை இறங்கியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்ததால் கேட் தப்பியது. கலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளினால், பெடல் இறுகும்வரை பலமுறை மிதித்த பின்பே காரை எடுக்க வேண்டும்.

வியாபார அன்பர்களே, இவற்றையும் கவனியுங்கள். ஜெக்கை மாத்திரம் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். கலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இடம், வலம் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சைத் துடைத்துவிடுங்கள்.

பஞ்சிகாவத்தையில் ஒரே காரின் பேட்டுக்குப் பல விலை இருக்கும். மலிவை மட்டும் பார்க்காதீர்கள். கூலியில் மிச்சம் பிடிப்பது கெட்டித்தனம். பாகத்தில் பிடிப்பது நட்டம். சரக்கு போனால் மறுபடி வாங்கலாம். உயிரை எந்தக் கடையில் வாங்குவது?