மணல் சிந்தாத பூனைத் தொட்டி

வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்குக் கழிப்புத் தொட்டி வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, அதன் சுவர் உயரத்தை. வீட்டுப் பூனையின் மூதாதை, ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழும் காட்டுப்பூனை. குழி தோண்டிக் கழித்து, மண்ணைத் தள்ளி மூடும் பழக்கம் அதன் வழியாக வந்தது. குட்டிக்கு யாரும் பெரிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. வீடு கட்டத் தெருவில் கொட்டிய மணலைத் தார்ப்பாய் போட்டு மூடாவிட்டால், காலையில் சல்லடையில் என்ன தங்கும் என்பது எல்லாக் கொத்தனாருக்கும் தெரியும்.

நாய்க்குப் பெயர்போன இராஜபாளையத்திலும் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலும், முற்றமும் கொல்லையும் வைத்த வீடுகளில் பூனை கழிக்க மண் தேடுவது ஒரு பிரச்சினையே இல்லை. மாடிக் குடியிருப்பிலும் வாசல்வரை சிமென்ட் பூசிய வீட்டிலும்தான் பூனைக்கு மண் கிடைப்பதில்லை. இந்த ஊர்களின் மலையடிவாரத்தில் பூனையை உள்ளே வைத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகி, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்த காடு அங்கே தொடங்குகிறது. தோப்பில் திரியும் பூனை குருவியையும் ஓணானையும் விட்டுவைக்காது.

கடையில் பூனைத் தொட்டி என்று விற்பவற்றில் பல, வளர்ந்த பூனைக்குச் சிறியவை. மூக்கிலிருந்து வாலின் அடிவரை உள்ள நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். பெரும்பாலான பூனைகளுக்கு அது 65 முதல் 75 செ.மீ. வரும். இடம் போதாத பூனை முன்காலை உள்ளே வைத்துக்கொண்டு பின்புறத்தை விளிம்புக்கு வெளியே நீட்டிவிடும். சுவர் 25 முதல் 30 செ.மீ. உயரம் இருந்தால் விசிறும் மணலும், நின்றபடி பீய்ச்சும் சிறுநீரும் உள்ளேயே நிற்கும்.

கூரை போட்ட தொட்டி சிந்தலைக் குறைக்கும்; ஆனால் நாற்றத்தையும் உள்ளேயே அடைத்துவைக்கும். சித்திரை வெயிலில் இரண்டு நாள் அள்ளாமல் விட்டால் பூனையே உள்ளே போக மறுக்கலாம். மேல்மூடியில் துளையிட்டு, குதித்து இறங்கும்படி செய்த தொட்டியில் சிந்தல் மிகக் குறைவு. குட்டிக்கும், மூட்டுவலி வந்த கிழப்பூனைக்கும் அது ஆகாது. இவற்றைவிட நல்லது பாத்திரக் கடையில் கிடைக்கும் பெரிய பிளாஸ்டிக் சாமான் பெட்டி. மூடியை எடுத்துவிட்டு, ஒரு பக்கத்தில் 12 செ.மீ. உயரத்தில் வாசல் வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாள் கொண்டு தேய்த்துவிட்டால் போதும். தானாகச் சுத்தம் செய்யும் மின்தொட்டிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் தேவை பலருக்கு இல்லை.

அடுத்தது மணல். அமெரிக்காவில் எட்வர்ட் லோ என்பவர் 1947-இல் உறிஞ்சும் களிமண்ணைப் பூனைக்கென விற்கத் தொடங்கினார். அதற்குமுன் அங்கும் சாம்பலும் மணலும்தான். ஈரம் பட்டதும் கட்டியாகும் இன்றைய பூனை மணல் பெண்டோனைட் களிமண். இந்தியாவில் அது குஜராத்தின் கட்ச் பகுதியில் நிறைய வெட்டி எடுக்கப்படுகிறது. கட்டியை மட்டும் அள்ளிவிடலாம் என்பதே அதன் வசதி. மிகப் பொடியானது பாதத்தில் ஒட்டும். மணம் சேர்த்ததைப் பல பூனைகள் விரும்புவதில்லை. 5 முதல் 7 செ.மீ. ஆழத்துக்குப் பரப்பினால் போதும். ஆற்று மணல் சிறுநீரை உறிஞ்சாது, அடியில் தேங்கவிடும். நர்சரியில் கிடைக்கும் தென்னை நார்க்கழிவு நன்றாக உறிஞ்சும், ஆனால் லேசானது. வீடெங்கும் பழுப்புத் தடம் பதியும். மரத்தூளை அழுத்திச் செய்த உருண்டைகள் குறைவாகவே சிந்தும். இராஜபாளையம் மில் ஊர்தானே என்று கழிவுப் பஞ்சைப் போடக் கூடாது. அதில் கிடக்கும் நூலைப் பூனை விழுங்கினால் குடலில் சிக்கும்.

தொட்டி வாசலில் ஒரு சொரசொரப்பான மிதியடி, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளிய ஒரு மூலை. இடத்தைப் பொறுத்தவரை அவ்வளவுதான்.

தினமும் ஒருமுறையாவது அள்ள வேண்டும். பூனை மலத்தில் வரக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும் என்பதால் தினசரி அள்ளுவதே நல்ல காப்பு. கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடலாம். தொட்டியைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரல் சரியாகச் சிதைக்காது என்பதால் ஃபினாயில் கூடாது. பிளீச்சிங் பவுடர் சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்து நச்சுவாயு தரும். அள்ளிய களிமண்ணைக் கழிவறையில் கொட்டினால் குழாய்க்குள் ஊறி அடைத்துக்கொள்ளும். காய்கறிச் செடிக்கும் போடக் கூடாது. பையில் கட்டிக் குப்பையில் சேர்க்க வேண்டும்.

புதுத் தொட்டி வந்ததும் பழையதைத் தூக்கி எறியாமல் சில வாரம் அருகருகே வைத்தால் பூனை தானே மாறிக்கொள்ளும். பழகிய பூனை திடீரென வெளியே கழித்தால் தொட்டியை மட்டும் குறை சொல்லக் கூடாது. ஆண்பூனை அடிக்கடி போய் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும்.