குடிநீர்க் குழாயில் ஈயம்: ஏன், எப்படி மாற்ற வேண்டும்?

எளிதில் வளைவதாலும் நீண்டநாள் உழைப்பதாலும் மேலைநாட்டு நகரங்களில் வீட்டு இணைப்புகளுக்கு ஈயக் குழாய் பதித்தார்கள். புதுக்கோட்டை போன்ற தமிழக ஊர்களில் ஜி.ஐ., பி.வி.சி. குழாய்களே வழக்கம். ஆனாலும் ஈயம் வேறு வழிகளில் நுழையும். பழைய வார்ப்பிரும்புக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, இடைவெளியில் சணல் திணித்து, உருக்கிய ஈயத்தை ஊற்றி மூட்டினார்கள். பித்தளைக் குழாய்களிலும் ஈயம் கலந்திருக்கலாம். பி.வி.சி. தயாரிப்பில் ஈயச் சேர்மங்கள் நிலைப்படுத்தியாகச் சேர்க்கப்பட்டன. இதைத் தடுக்க ஒன்றிய அரசு 2021இல் தனி விதிகளை வெளியிட்டது.

இரவு முழுதும் குழாயில் தேங்கும் நீரில் ஈயம் மெல்லக் கரையும். நீரில் அமிலத்தன்மை கூடினால் வேகமாகக் கரையும். உடல் அதைக் கால்சியம் போலவே ஏற்று எலும்பில் சேர்த்துவைக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் ஈயம் போகாது; நீர் ஆவியாவதால் அடர்த்திதான் கூடும்.

மாற்றும்போது முதலில் எந்தத் தெருவில் எந்தக் குழாய் என்று கணக்கெடுக்க வேண்டும். பாதியை மட்டும் வெட்டி மாற்றினால், உட்படிவம் உதிர்ந்து சில காலம் ஈயம் அதிகரிக்கும். ஆகவே பிரதான குழாயிலிருந்து வீட்டுக் குழாய்வரை முழுவதையும் மாற்றி, நீரை நெடுநேரம் திறந்துவிட்டு அலசி, காலையில் முதலில் வரும் நீரைச் சோதிக்க வேண்டும்.