ஊவா மலைத் துரைமார் – 7: லிப்டனின் கொடைக் கணக்கு

தாமஸ் லிப்டன் 1848இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறு வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போனார். பதின்ம வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே தோட்டங்களிலும் நியூயோர்க் கடையொன்றிலும் வேலை பார்த்துத் திரும்பி, 1871இல் கிளாஸ்கோவில் தன் முதல் மளிகைக் கடையைத் திறந்தார். விளம்பரம் அவருக்குக் கைவந்த கலை. கொழுத்த பன்றிகளைக் குளிப்பாட்டி, ரிப்பன் கட்டி, ‘லிப்டனின் அநாதைகள்’ என்ற பதாகையோடு தெருவில் ஓட்டிப் போகச் செய்தார். அந்த அநாதைகளின் கதி என்னவென்பது கடையில் தொங்கிய இறைச்சியைப் பார்த்தால் தெரியும்.

1890இல் அவர் இலங்கைக்கு வந்தார். 1869இல் தொடங்கிய இலை நோயால் கோப்பி அழிந்து, தோட்டங்களின் விலை சரிந்திருந்த காலம் அது. அப்புத்தளைக்கு மேலேயுள்ள தம்பேதென்ன உட்படப் பல தோட்டங்களை வாங்கினார். அப்போது ரயில் நானுஓயாவரைதான். அப்புத்தளைக்கு அது வந்தது 1893இல், பதுளைக்கு 1924இல். தரகர்களைத் தவிர்த்து, தேயிலையைப் பைக்கற்றில் அடைத்துத் தன் கடைகளிலேயே மலிவாக விற்றதுதான் அவர் செய்த புதுமை. தலையில் கூடை மாட்டிய தமிழ்ப் பெண்ணின் படம் அந்த விளம்பரங்களோடு உலகம் சுற்றியது.

கொடைகள் இதற்குப் பின்னரே பெருகின. 1897இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவையொட்டி லண்டன் ஏழைகளுக்கு விருந்தளிக்க 25,000 பவுண் கொடுத்தார். மறு ஆண்டு ‘சேர்’ பட்டம் கிடைத்தது. மலிவு உணவுச்சாலைக்கென அலெக்சாந்திரா அறக்கட்டளைக்கு 1,00,000 பவுண் ஒதுக்கினார். 1909இல் டியூரின் நகரக் காற்பந்துப் போட்டிக்குக் கிண்ணம் வழங்கினார். அதை வென்றது வெஸ்ட் ஓக்லண்ட் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் அணி. முதலாம் உலகப் போரில் டைபஸ் காய்ச்சல் பரவிய சேர்பியாவுக்கு மருத்துவர்களையும் தாதியரையும் தன் ‘எரின்’ கப்பலில் அனுப்பி, தானும் நேரில் போனார். அமெரிக்கக் கிண்ணப் படகுப் போட்டியில் ஐந்து முறை தோற்றும் சிரித்துக்கொண்டே நின்றதால், அவருடைய புகழ் இன்னும் வளர்ந்தது.

கொழுந்து பறித்தவர்களின் கணக்கு வேறு. பெயர்பெற்ற கொடைகளில் எதுவும் அப்புத்தளை லயங்களைத் தேடி வரவில்லை. தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டிய கடமையைத் தோட்ட உரிமையாளர்மீது சுமத்த 1907இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது; அதன்படி மலைநாட்டில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம்.

லிப்டன் மணமுடிக்கவில்லை, 1931 ஒக்டோபர் 2இல் லண்டனில் காலமானார். சொத்தின் பெரும்பகுதி கிளாஸ்கோவின் ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போனது. பரிசுக் கிண்ணங்கள் அந்நகரின் கெல்விங்குரோவ் அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. லண்டன் வீடு ஓய்வுபெற்ற தாதியருக்கென விடப்பட்டது. தம்பேதென்ன மலையுச்சியில் அவர் அமர்ந்து தோட்டத்தைப் பார்த்த இடம் ‘லிப்டன் சீட்’. இப்போது அங்கே ஒரு சிலையும் அமர்ந்திருக்கிறது.