தொழிற்சாலைக் கோலமும் நாட்காட்டியும்

பொருள்நோக்குச் செய்நிரலாக்கத்திற் புகும் மாணவன் முதற்கண் அறிவது, வகுப்பு என்பது வீட்டின் வரைபடத்தை ஒத்தது, பொருள் என்பது அவ்வரைபடத்தின்படி கட்டிய வீட்டை ஒத்தது என்பதாம். நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரிலே டால், நிகார்ட் என்னும் அறிஞர் இருவர் 1960களில் வகுத்த சிமுலா மொழியில் உருப்பெற்ற கருத்து இது. பின்வந்த யாவா போன்ற மொழிகளில் வகுப்பின் பெயருக்கு முன் 'நியூ' என்னுஞ் சொல்லை இட்ட மாத்திரத்தே பொருள் தோன்றிவிடும். இத்துணை எளிதாகிய செயலுக்குத் தொழிற்சாலை எதற்கு என வினவுதல் இயல்பே.

நியூ என்று எழுதுமிடந்தோறும் வகுப்பின் பெயரையும் எழுதவேண்டியுள்ளமையே இடர்ப்பாடு. ஒரு வகுப்புக்குப் பதிலாக வேறொன்று பின்னர் வேண்டப்படின், செய்நிரல் முழுவதையும் துருவி ஒவ்வோரிடத்தையும் மாற்றல் வேண்டும். ஓரிடம் தப்பினும் வழு நேரும். பொருளை ஆள்பவன் அதனை ஆக்கும் பொறுப்பையுஞ் சுமப்பதால் வந்த வினை இது. ஆக்குந் தொழிலைத் தனியொரு முறையிடம் ஒப்படைத்து, ஆள்வோன் 'இன்ன இயல்புடைய பொருளொன்று தருக' என்று மட்டும் கேட்பானாயின் அச்சுமை நீங்கும். காமா, ஹெல்ம், ஜோன்சன், விலிசிடிஸ் என்னும் நால்வர் 1994 இல் வெளியிட்ட நூலில் விளக்கிய 23 வடிவமைப்புக் கோலங்களுள் ஆக்கம் பற்றியன ஐந்து; அவற்றுள் இரண்டு தொழிற்சாலை என்னும் பெயரையே பூண்டன.

யாவாவிற் பட்டியல்கள் பலவகைப்படும். அவற்றின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் பொருளை ஒவ்வொரு வகைப் பட்டியலும் தன் அமைப்பிற்கேற்பத் தானே ஆக்கி அளிக்கின்றது. பெறுபவன் அதன் வகுப்பின் பெயரை அறியான், அறியவேண்டுவதும் இல்லை. எவ்வகுப்பினது பொருளை ஆக்குவது என்பதைக் கிளை வகுப்பே தீர்மானிப்பதால் இது நால்வரும் கூறிய கோலத்திற்குப் பொருந்திய எடுத்துக்காட்டாகும்.

ஆயினும், அறியாமை எப்பொழுதும் நன்மை பயக்கும் என்று கொள்ளற்க. அம்மொழியிலேயே கலண்டர் என்னும் வகுப்பு உண்டு. அதனிடத்து 'கெற் இன்ஸ்ரன்ஸ்' என்னும் முறையை அழைத்தால் நாட்காட்டிப் பொருளொன்று கிடைக்கும். கிளை வகுப்பின்றித் தானே தெரிந்து அளிப்பதால் இது தொழிற்சாலையின் எளிய வடிவமே. கணினியில் அமைத்துள்ள நாட்டையும் மொழியையும் நோக்கி அது தெரிவு செய்கின்றது. பெரும்பாலும் வருவது கிரெகோரி நாட்காட்டி. தாய்லாந்துக்குரிய அமைப்பாயின் வருவது பௌத்த நாட்காட்டி. முன்னதில் 2024 ஆகிய ஆண்டு பின்னதில் 2567 ஆகும், வேற்றுமை 543.

இதனை உணராத ஒருவன், பிறந்த ஆண்டைக் கிரெகோரிக் கணக்கிற் பதிந்துவைத்து, நடப்பாண்டை மேற்படி முறையாற் பெற்று, வயதைக் கழித்தறியும் செய்நிரல் எழுதினான் என்க. அவன் மேசையில் அது செவ்வனே இயங்கும். பாங்கொக் நகரத்துக் கணினியிலோ 2004 இற் பிறந்த இளைஞனுக்கு வயது 563 என விடை தரும். வழுச்செய்தி யாதும் தோன்றாது! தொழிற்சாலை பிழை செய்ததா? இல்லை, நாட்காட்டி கேட்டான், நாட்காட்டி பெற்றான். 'ஆண்டு' என்னுஞ் சொல் எல்லாக் கிளை வகுப்புக்களிலும் ஒரே பொருளைத் தரும் என்று அவன் எண்ணியதே பிழை. எனினும் குற்றம் முழுவதையும் அவன்மேற் சுமத்துதல் நீதியன்று என்பது எம் கருத்து. எதனைப் பெற்றாலும் ஒருபடித்தாய் ஆளலாம் என்ற உறுதி உள்ள இடத்திலேயே தொழிற்சாலை அமைத்தல் தகும். பட்டியலில் அவ்வுறுதி உண்டு, நாட்காட்டியில் இல்லை.

ஒரேயொரு வகுப்பு மட்டும் உள்ளவிடத்துத் தொழிற்சாலை எழுப்பி மகிழ்வாரும் உளர். அவருக்கு நியூ என்னும் ஒரு சொல்லே போதும்.

2014 இல் வந்த யாவாவின் எட்டாம் பதிப்பிற் காலத்தைக் கையாளும் வகுப்புக்கள் புதிதாக வகுக்கப்பட்டன. அவற்றுட் பொதுவழக்குத் தேதிக்குரிய வகுப்பு எந்நாட்டிலும் கிரெகோரி முறையையொட்டிய ஒரே கணக்கைத் தருகின்றது. தாய்லாந்துப் பௌத்தத் தேதிக்குத் தனி வகுப்பு உண்டு. வேண்டுவோன் அதனைப் பெயர் சொல்லியே கேட்டல் வேண்டும்.